‘போட்டு வாறன்’ சொன்ன அப்பா

மறைந்தவரைப் பற்றி நினைவுமலரில் எழுதும்போது “சாந்தமே உருவானவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்” என்று தொடங்குவது எங்கள் வழக்கம். அப்படி நான் எழுதினால் அப்பாவே சிரித்துவிடுவார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்தவர் அவர். பிடித்த பிடியை விடாதவர். எறும்பு என்ன, கிழங்குத் தோட்டத்துக்குள் வந்த மானையே தடி எடுத்துக்கொண்டு துரத்தியவர். ஆனாலும் எங்களுக்கு எல்லாமாக இருந்தவர். ஓராண்டு கழிந்த பின்பும் முன்னறையில் அவருடைய செருமல் கேட்பதுபோல் இருக்கிறது. ஆகவே மூத்த மகளாகிய நான் தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுகிறேன். கூடக்குறைய இருந்தால் உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா பிறந்தது வன்னியில், கிளிநொச்சிப் பக்கம். அவருடைய தகப்பனாரான எங்கள் அப்பு, யாழ்ப்பாணத்தில் பங்கு பிரித்துப் பிரித்துப் பாய் விரிக்கவும் இடம் காணாத காணியை விட்டு, காடு வெட்டிக் குடியேறப் போனவர். யானையும் மலேரியாக் காய்ச்சலும் இருந்த இடம் அது. “எங்கடை ஆக்கள் இருக்கிற இடத்திலை ஆரும் இருப்பினம். ஒருத்தரும் இல்லாத இடத்திலை இருந்து காட்ட வேணும்” என்பாராம் அப்பு. அந்த வீறாப்பு அப்பாவின் இரத்தத்திலும் ஊறிக் கிடந்தது. ஊரில் பிரச்சினைகள் முற்றி, எண்பதுகளின் நடுப்பகுதியில் அம்மாவையும் என்னையும் தம்பியையும் விட்டுவிட்டுத் தனியே டென்மார்க் வந்துசேர்ந்தபோதும் அது அவரை விட்டுப் போகவில்லை.

ஸ்கீவவுக்கு அருகே ஒரு சிறு பட்டினத்தில் அவரை இருத்தினார்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொப்பன்ஹேகன் பக்கம் இடம் மாறினார்கள். அப்பா மாறவில்லை. கதவு, யன்னல் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. லீவு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினத்துக்கு வெளியே போய்விடுவார். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டை. மேடு இல்லை, பள்ளம் இல்லை. பனிப்புகார் இறங்கிய நாட்களில் வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்தப் புகாருக்குள் சைக்கிள் ஓடும்போது, அடுத்த வளைவில் வன்னிக் குளக்கட்டு வந்துவிடும்போல இருக்குமாம். வராது என்று தெரிந்தும் அந்த வளைவு மட்டும் ஓடிப் பார்ப்பாராம். இதைச் சொல்லும்போது அப்பாவின் கண் எங்களைப் பார்க்காது.

அப்படி ஒரு நாள் சைக்கிளுக்குக் காற்றுப் போய், வெட்டை நடுவே இருந்த ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் நீல்ஸ் என்ற வயோதிபர். மனைவியை இழந்து தனியே இருந்தவர். பிற்காலத்தில் நாங்கள் அவரை ‘நீல்ஸ் அப்பு’ என்றே கூப்பிட்டோம். அவர் காற்று அடித்துக் கொடுத்து, கோப்பியும் கொடுத்தார். இவருக்குத் தெரிந்த டெனிஷ் ஒரு கை அளவு, அவருக்குத் தெரிந்த தமிழ் பூச்சியம். இருந்தும் இருவரும் நெடுநேரம் கதைத்தார்களாம். நீல்ஸ் அப்புவின் பாட்டனாரும் புதர்க்காடாய்க் கிடந்த இந்தத் தரையை வெட்டித் திருத்திக் குடியேறியவர் என்பது மட்டும் அப்பாவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

விடைபெறும்போதுதான் வினை வந்தது. எங்களில் எவர்தான் ஒரு வீட்டு வாசலில் நின்று “போறன்” என்று சொல்வார்? போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் “போட்டு வாறன்” என்றுதானே சொல்வோம். அதை அப்பா அப்படியே டெனிஷுக்கு மாற்றினார்: “யை கொமர் இகென்.” திரும்பவும் வருவேன் என்று பொருள். நம்மவருக்கு அது வாய் வார்த்தை. டெனிஷ்காரருக்கு அது வாக்கு. அடுத்த நாள் நீல்ஸ் அப்பு கோப்பி ஊற்றி, இரண்டு கோப்பை வைத்து, றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்கடுத்த நாளும் இருந்தார்.

ஒரு கிழமை கழித்து அந்த வழியால் போன அப்பாவை, றோட்டில் இறங்கி நின்று மறித்தார் கிழவர். “வாறன் எண்டு சொன்னாய். ஏன் வரேல்லை?” என்று கேட்டிருக்கிறார். அது சரியாக விளங்காமல், தான் எதையோ களவெடுத்துவிட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்த அப்பா வந்த வழியே சைக்கிளைத் திருப்பிவிட்டார். பிறகு டெனிஷ் படிப்பித்த ஆசிரியை விளக்கிச் சொன்னபோது, வெட்கத்தில் தலை குனிந்துவிட்டாராம். அன்றே போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் திரும்பும்போது மறுபடியும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது! “தனிச்சிருக்கிற மனிசன்ரை வாசலிலை நிண்டு, போறன் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?” என்பார் அப்பா. சொன்னதால் அடுத்த முறையும் போகவேண்டி வந்தது. போனதால் மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. அந்தச் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது.

நீல்ஸ் அப்புவின் வயலோரம், முன்பு கூலியாட்கள் இருந்த ஒரு சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. “குடும்பம் வந்தால் இதிலை இரு” என்று அவர் சொல்லிவிட்டார். கொமூனக்காரர், அதாவது நகரசபையினர், பட்டினத்தில் நல்ல மாடி வீடு தருவதாகச் சொல்லியும் அப்பா கேட்கவில்லை.

நாங்கள் வந்திறங்கியது கடும் பனிக்காலத்தில். எனக்கு அந்த முதல் நாட்கள் நினைவா கனவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளையாய் ஒரு தரை, அதன் மேல் வெள்ளையாய் ஒரு வானம், நடுவில் எங்கேயோ தொங்குகிற ஒரு மஞ்சள் யன்னல். பனிக்குச் சத்தமே இல்லை. தம்பி அதை ஆனையிறவு உப்பளத்து உப்பு என்று நினைத்து நக்கிப் பார்த்தான். அப்பா கல்யாண மாப்பிள்ளைபோல் வாசலில் நின்று, “எப்பிடி இருக்கு?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா நாலு பக்கமும் பார்த்தார். “காடெண்டாலும் ஒரு மரம் நிக்கும். இதென்னப்பா, ஒண்டுமே இல்லை!” என்றார்.

“இஞ்சரும், பனி கரையுமட்டும் பொறும்.”

“உங்கடை கொப்பருக்குக் காட்டு விசர். உங்களுக்கு வெட்டை விசர். என்ரை பிள்ளையள் தமிழ் ஆக்களின்ரை முகம் பாத்து வளர வேணும்.”

அம்மாவின் பெரிய பெட்டி முன்னறையில் பூட்டியபடியே இருந்தது. தேவையான உடுப்பை மட்டும் கைப்பையில் இருந்து எடுத்து உடுத்துவார். கொப்பன்ஹேகன் பக்கம் இஷொயில் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, குடும்பமாக இருந்தார். அடுக்கு மாடி, பக்கத்துக் கதவெல்லாம் தமிழ்க் குரல். அம்மாவுக்கு அங்கே போய்விட வேண்டும். அப்பாவுக்கு இங்கே இருக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் வேறு கதை இருக்கவில்லை. சண்டை இல்லாத வேளைகளில் இரண்டு பேரும் ஒரே யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்பா எதையோ காண்பார், அம்மாவுக்கு அது தெரியாது.

பனி கரையத் தொடங்கியபோது அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பெரிய பெட்டியைப் பின்னர் அனுப்பிவிடச் சொன்னார். பிடித்த பிடியை விடாத அப்பா, எங்கள் பைகளைத் தானே தூக்கிக்கொண்டு கூட வந்தார். அதுதான் அவருக்கு எவ்வளவு நொந்திருந்தது என்பதற்கு அடையாளம். பஸ் நிற்கும் இடத்துக்கு நீல்ஸ் அப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறுவது மரியாதை இல்லை என்று அம்மாவுக்குப் பட்டது. அப்பா விடைபெறும்போதெல்லாம் சொல்லக் கேட்டுப் பாடமான ஒரேயொரு டெனிஷ் வசனம்தான் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இஷொயில் எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. கோயில் கதை, சேலைக் கதை, ஒரே கலகலப்பு. ஒரு நாள் அப்பா தொலைபேசி எடுத்தார்.

“இஞ்சரும், கிழவர் ஒவ்வொரு நாளும் மூண்டு கோப்பை வைக்கிறார்.”

“ஆருக்கு மூண்டாவது?”

“உமக்குத்தான். வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு துண்டு நிலமும் உழுது வைச்சிருக்கிறார். நீர் வந்து நடுவீராம்.”

“நான் எப்ப வாறன் எண்டு சொன்னனான்?”

“சொன்னனீர். பஸ்சிலை ஏறேக்கை சொன்னனீர்.”

அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! “பொய் சொல்லிப்போட்டு வந்தவள் எண்டெல்லோ அந்த மனிசன் நினைக்கும்! நேரிலை போய், முறையாப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திடுறன்” என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

வந்தபோது வெட்டை பச்சையாய்க் கிடந்தது. இரவு என்ற ஒன்று வர மறந்துபோன கோடைகாலம் அது. வானம்பாடி கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று பாடும். வெளிச்சம் பால்போலத் தரையில் தேங்கி நிற்கும். அம்மா வாசலிலேயே நின்று அப்பாவைக் கேட்டார். “போறன் எண்டதுக்கு டெனிஷிலை என்ன சொல்லுறது?”

அப்பா முகத்தை நல்ல பிள்ளைபோல் வைத்துக்கொண்டு, “அப்பிடி ஒரு சொல்லு இவங்களிட்டை இல்லை” என்றார்.

பச்சைப் பொய்! பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தச் சொல்லைப் படிப்பித்திருந்தார்கள். வாய் திறக்கப் போன என்னை அப்பா ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உழுத துண்டு நிலத்தைப் பார்த்தபோது அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. உழுததைச் சும்மா விடக்கூடாது, விதைத்துப்போட்டுப் போவோம் என்றார். பிறகு முளைத்ததைப் பார்த்துப்போட்டுப் போவோம் என்றார். அதன் பிறகு கிழங்கு கிண்டிப்போட்டுப் போவோம். ஊர் வழக்கப்படி தண்ணீர் கட்ட வாய்க்காலும் பாத்தியும் கட்டினார். நாளும் பொழுதும் மழை பெய்கிற நாட்டில் வாய்க்கால் எதற்கு என்று கேட்டு நீல்ஸ் அப்பு வயிறு நோகச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அந்த வெட்டையில் அம்மா சிரித்து நான் முதல் முறை கண்டது அன்றுதான். கிழங்கு கிண்டி முடிய மறுபடியும் குளிர் வந்தது. கம்பளி எடுக்கவென்று ஒரு பின்னேரம் பெரிய பெட்டியைத் திறந்தார். பிறகு அதைப் பூட்டவில்லை.

அதன் பின் வந்ததெல்லாம் உறவுகள் அறிந்ததே. நீல்ஸ் அப்பு காலமானபின் வீடு எங்களுக்கே ஆயிற்று. விபோர்க்கிலும் ஸ்கீவவிலும் புதிதாக வந்திறங்கிய குடும்பங்களுக்கு முதற் சோறு எங்கள் வீட்டில்தான் என்பது அப்பா போட்ட சட்டம். சோறு ஆக்கியவர் யார் என்பதைச் சாப்பிட்டவர்கள் அறிவார்கள். பேரப்பிள்ளைகள் டெனிஷில் பதில் சொன்னால், “எனக்குக் காது கேக்காது” என்று சொல்லித் தமிழ் வரும்வரை அசையமாட்டார். ஓய்வு பெற்றபின் யன்னலோரக் கதிரையில் இருந்து வெட்டையைப் பார்த்தபடியே இருப்பார். கடைசிக் காலத்தில் நினைவு புகாருக்குள் போய்ப் போய் வந்தது. வன்னிக் குளத்தில் தண்ணீர் முட்டிவிட்டது, வான்கட்டு மேவிப் பாயப் போகிறது என்பார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “ஓம், பாயட்டும்” என்பார். அப்படி ஒரு காலை, நோவு இல்லாமல், தூங்குவதுபோலவே போய்விட்டார்.

அப்பாவின் நோயில் இராப்பகலாய்ப் பார்த்த தாதியர்க்கும், அந்தியேட்டிக் கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், கடலில் அஸ்தி கரைக்கத் தன் படகைக் கொண்டுவந்த அயலவருக்கும், பனிச் சறுக்கலையும் பாராமல் இஷொயில் இருந்து கார் ஓடி வந்த சின்னம்மா குடும்பத்துக்கும், மரக்கறிச் சமையலைத் தங்கள் வீட்டுக் காரியம்போல் பொறுப்பெடுத்த விபோர்க் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டது. பெயர் விடுபட்டவர்கள் எங்களைக் கோபிக்க வேண்டாம். அந்தக் கோபத்தை அப்பாவே எங்களுக்குப் போதியளவு தந்துவிட்டுப் போனார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பியும் பக்கத்தில் இருந்தான். தனியே இருந்தது போதும், இனித் தன்னோடு வந்து இருக்கும்படி ஓராண்டாக அம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருப்பவன் அவன். “இந்த வெட்டையில் முதன்முதல் குடியேறிய தமிழர் அப்பா” என்று நான் முடித்திருந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“கொப்பர் குடியேறினவர். ஓம், எழுது. ஆனால் இஞ்சை குடியிருந்தது நான்.” பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். “ஏறினவர் இறங்கிப் போட்டார். இருக்கிறவள் ஏன் தம்பி எழும்ப வேணும்?”