தேவாங்குக்காகக் காத்திருந்தவர்

மத்திகிரி வாடகை வீட்டில் ஒருநாள் காலை, விறகு மூலையில் சுருண்டு கிடந்த தேவாங்கைப் பெருச்சாளி என்று நினைத்துத் துடைப்பத்தால் அடித்துவிட்டேன். அது அசையவே இல்லை. போன் செய்ததும் வனத்துறையிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"நான்தான் அடிச்சிட்டேன் சார். செத்துடுமா?" கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டேன்.

"காயம் ஒண்ணுமில்லம்மா. இதோட வம்சமே இப்படித்தான். அசையாம இருந்தே கழுகு கண்ணுக்குத் தப்பி வந்திருக்கு."

ஒரு குச்சியை நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தார். போனில் யாரோ அவசரப்படுத்த, "இன்னும் ஏறல சார்" என்றார் மெதுவாக.

வெகுநேரம் கழித்து அது ஒவ்வொரு விரலாகக் குச்சியைப் பற்றியது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கூடையில் வைத்தார். சத்தத்துக்கு மிரளுமென்று, எல்லோரும் ஷிஃப்டுக்குப் பறக்கும் எங்கள் தெருவில், பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் முனை வரை தள்ளிக்கொண்டே போனார்.