ரெண்டு குழாயிலும் ஒருத்தி

குரும்பலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெற்றிச்செல்வி அடுத்தவர் பாரத்தை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிற பிறவி என்று. காய்ச்சலில் கிடக்கிறவளுக்காக ரேஷன் வரிசையில் நிற்பாள். நூறு நாள் வேலையில் முடியாதவள் பங்கு மண்ணையும் சேர்த்து வெட்டிப்போடுவாள். தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டவளுக்கு மூட்டுவலி என்றால், "இப்படிக் குடு, மாரியாத்தா ஆளு மாறுனா கோவிச்சுக்குவாளா?" என்று தன் கையில் வாங்கிக்கொள்வாள். தங்கமான மனசுதான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கமான மனசுதான் ஒரு உயிருக்கு எமனாக வந்தது.

மலர்கொடி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தன் போர்வெல் லாரியோடு வெளியூர் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலைதான். வெற்றிச்செல்விக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. மலர்கொடி பெற்ற மஞ்சு வளர்ந்ததெல்லாம் பெரியம்மா இடுப்பில்தான். அரியலூரில் கட்டிக்கொடுத்த பிறகும், வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் "பெரிம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

மணிமொழி அதே தெருப் பெண். டவுன் ஆஸ்பத்திரிக்காக, வீடு வீடாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கிற வேலை அவளுக்கு. பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று, ஆளுக்கொரு சின்ன பிரஷ்ஷும் குழாயும் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பாத்ரூமுக்குள் போய், பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தானே மாதிரி எடுத்து, குழாயில் போட்டு, மூடித் தந்தால் போதும்.

மலர்கொடி அதைத் தொடவே மாட்டேன் என்றாள். "புருசன் போயி எத்தன வருசமாச்சு. எனக்கு எதுக்குடி இந்தக் கண்றாவி?"

"நோய்க்கு அதெல்லாம் தெரியுமாக்கா?" என்று மணிமொழி கெஞ்சினாள். எல்லாரும் இப்படியே திருப்பி அனுப்பினால் அவள் வேலைக்கே ஆபத்து. அந்த வாடிய முகத்தைப் பார்க்க வெற்றிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. "வச்சுட்டுப் போ, சாயங்காலம் ரெண்டும் தரேன்" என்றாள்.

மணிமொழி தலை மறைந்ததும் மலர்கொடியிடம் கை நீட்டினாள். "உன்னுதையும் குடுடி. நானே எடுத்துடறேன். ஒரே சோத்தத் திங்கிறோம், எனக்கு இல்லன்னா உனக்கும் இருக்காது."

மலர்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ இருக்கியே அக்கா!"

அடிப் பாவிகளா! இது என்ன ரேஷன் வரிசையா, ஒருத்திக்கு இன்னொருத்தி நிற்பதற்கு?

சில வாரம் கழித்து இருவருக்கும் பாதிப்பு இல்லை என்று போனில் தகவல் வந்தது. சிரித்தார்கள். ஆனால் மலர்கொடி பெயரைப் போட்டே வந்த தகவல் இல்லையா, நாள் போகப் போக, தானே பரிசோதனை செய்துகொண்ட மாதிரி அவளுக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயத்தில் மலர்கொடிக்குத் தீட்டு கணக்கில்லாமல் பட்டது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள் வெற்றிச்செல்வி. "கேன்சர் டெஸ்ட் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். மலர்கொடி திரும்பி அக்கா முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்தாச்சுங்க. ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுங்க" என்றாள் வெற்றிச்செல்வி.

உள்ளதைச் சொன்னால் மணிமொழி பிழைப்பில் மண் விழும் என்று பயந்தாள். ஏமாற்றியவள் என்று பேர் வாங்க வெட்கமாகவும் இருந்தது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, நிற்காவிட்டால் உடனே வரச் சொன்னார். கொஞ்சம் நின்றது, திரும்பவும் பட்டது. வெங்காயம் போய்ப் பருத்தி வந்தது. போகலாம், போகலாம் என்று போகவேயில்லை.

இடுப்பு வலியில் உட்கார முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முற்றிப்போயிருந்தது. திருச்சியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பேர். வெற்றிச்செல்வி பக்கத்தை விட்டு நகரவில்லை. மலம் மூத்திரம் எடுத்தாள், துணி அலசினாள், ஆளில்லாத இடமாகப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மஞ்சுகிட்ட அந்தக் குழாய் விசயத்தச் சொல்லிடாத அக்கா" என்றாள் மலர்கொடி. "எனக்கப்பறம் அவளுக்குத் தாயின்னா நீதான். தெரிஞ்சா உன் மொகத்துல முழிக்க மாட்டா."

மாசியில் செத்துப்போனாள். காரியம் முடிந்த அன்று மஞ்சு பெரியம்மா மடியில் விழுந்து, "கடைசி வரைக்கும் அம்மாவத் தாங்குனது நீதான் பெரிம்மா. உன் காலக் கழுவிக் குடிக்கணும்" என்று கதறினாள். அந்த நன்றியைக் கேட்டபோது வெற்றிச்செல்விக்கு நெஞ்சை அரிவாள்மணையில் வைத்து அரிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மலர்கொடி சொன்னதற்காக மட்டுமில்லை, இருக்கிற ஒரு பிள்ளையும் போய்விடுமே என்றுதான்.

ஆடிக்கு மஞ்சு வந்திருந்தபோது மணிமொழியும் குழாய்களோடு வந்தாள். "உனக்கும் முப்பது ஆயிடுச்சுல்ல மஞ்சு, இந்தா."

மஞ்சு அதைத் தட்டிவிட்டாள். "எங்கம்மாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதான அனுப்புனீங்க? அத நம்பித்தான மண்ணாப் போச்சு! அரியலூர்ல எங்க தெருவுக்கு வந்தப்பவும் யாரும் எடுக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன்."

மணிமொழி அழுதுகொண்டே குழாயைக் குனிந்து எடுத்தாள். அவளுக்கும்தான் என்ன தெரியும், பாவம். அடுப்படியில் நின்ற வெற்றிச்செல்விக்கு எல்லாம் காதில் விழுந்தது. சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகள் உயிரே போனாலும் போகும். வெளியே வந்தாள்.

"டெஸ்ட்டு பொய் சொல்லல சாமி. உங்கம்மா அத எடுக்கவே இல்ல. ரெண்டு குழாயிலயும் நாந்தான் எடுத்துக் குடுத்தேன். டாக்டரம்மா கேட்டப்பவும் எடுத்தாச்சுன்னு சொன்னது நாந்தான்."

"அம்மா கேட்டாங்களா, அப்படிச் செய்யச் சொல்லி?"

"அவ கேக்கல. நானா வாங்கிக்கிட்டேன்."

மஞ்சு கத்தவில்லை. மணிமொழி கையிலிருந்த வேறொரு குழாயை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். வெளியே வந்து அதை அவளிடம் கொடுத்தாள், "எங்க தெருவுக்கும் வரச் சொல்லுக்கா" என்றாள், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பாதிப்பு இல்லை என்று பிற்பாடு மணிமொழி வந்து சொன்னாள். வெற்றிச்செல்வி மாரியாத்தாளைக் கும்பிட்டு அழுதாள்.

வருஷ திவசம் கழிந்து வந்த பொங்கலுக்கு முன்பு, தாய்வீட்டுச் சீராக அரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு, புதுச்சேலை எல்லாம் தூக்கிக்கொண்டு அரியலூர் போனாள். கதவைத் திறந்த மஞ்சு வா என்று சொல்லவில்லை, எடுத்து நீட்டிய சீர்த்தட்டையும் வாங்கவில்லை.

"எங்கம்மா செத்துட்டாங்க" என்றாள். "எனக்குச் சீர் செய்ய ஆளு இல்லைங்க. எடுத்துட்டுப் போங்க."

கதவு சாத்திக்கொண்டது. வெற்றிச்செல்வி எல்லாவற்றையும் திரும்பப் பையில் வைத்து, கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.