ஒரு கருந்துளைக்காக முடி இறக்கியது

தப்பு என்னுடையது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் கருந்துளைகளைத் தேடுவது என் வேலை. கருந்துளையில் இரை விழும்போது அதைச் சுற்றி வெளிச்சம் எரியும். சில கருந்துளைகளைச் சுற்றி வாயுவும் தூசும் சுவர் மாதிரி நிற்கும். எக்ஸ்ரே கதிர்களில்கூட வலுக்குறைந்தவை அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் எதிலாவது பட்டுத் தெறித்து வருவதுதான் நமக்குக் கிடைக்கும். ஒரு மண்டலத்தில் அப்படித் தெறித்த வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஒன்று ஒளிந்துகொண்டு எரிகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். சுவரையே துளைத்து வரும் வலுவான கதிரில் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, இந்தக் கட்டுரை வந்தால்தான் நீட்டிப்பார்கள். வீட்டுக்கு போன் போட்டு, "கெடைச்சிடுச்சும்மா" என்றேன்.

இரண்டாம் முறை பார்த்தபோது ஒன்றுமே இல்லை. நான் கண்டது எப்போதோ கிளம்பி, தூரத்தில் பட்டுத் திரும்பிய பழைய வெளிச்சம். கருந்துளை இரை எடுப்பதை நிறுத்தி என்றைக்கோ அணைந்துவிட்டிருந்தது. அதுவும் கண்டுபிடிப்புதானே என்று பேராசிரியர் ஆறுதல் சொன்னார். ஆனால் அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். என் கையில் இருந்தது நாலு மாதம்.

நேரில் சொல்லிவிடலாம் என்று ஊருக்குப் போனேன். கரும்புக் கொல்லையிலிருந்து வந்த அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். மொட்டை. இடுப்புவரை முடி இருந்தவள்.

"மலைக்குப் போயி எறக்கிட்டேன் நைனா. உனக்கும் சேத்துதான் வேண்டிகினேன். நாளைக்கு நீயும் வந்து எறக்கிடு. சாமி காரியம், தள்ளிப்போடக் கூடாது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சரிம்மா" என்றேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் திருத்தணியில், முடி இறக்கும் கொட்டகையில், தலையை நனைத்தவர் "இன்னாங்க வேண்டுதல்?" என்று கேட்டார்.

"எம் புள்ள வானத்துல ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கான்" என்றாள் அம்மா.

அவர் "ஓ" என்று தலையில் கத்தியை வைத்தார். நிறுத்தச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் பாதி போய்விட்டது. பாதித் தலையோடு எழுந்து ஓடவா முடியும்? குனிந்தபடியே அழுதேன். தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

படி இறங்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே ஒரு படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது இல்லியா?"

"இருக்குதும்மா. அணைஞ்சிடுச்சு."

"நீ பாக்கறதுக்கு முன்னியேவா?"

"ரொம்ப முன்னாடியே."

"வேலை?" என்றாள்.

"மார்ச்சோட சரி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள்.

திருவாலங்காடு பஸ்ஸில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, புள்ளயும் மொட்ட போட்டுகினு வந்துகிறான்? இன்னா விசேஷம்?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேலை நெரந்தரம் ஆயிடுச்சு அவனுக்கு" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"சந்தோசம்பா" என்றார் அந்தப் பெண்மணி. நான் தலையாட்டினேன்.