மில்லிமீட்டரின் கட்டைவிரல்

முப்பத்து நான்கு வருடம் முடி வெட்டிய மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைத்தெருவுக்கே அவர் ‘மில்லிமீட்டர்’. கிருதா இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று வந்தவரின் முகத்தைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து உயிரை எடுப்பார். ரயிலைப் பிடிக்க ஓடியவரைக்கூட, “உக்காருங்க, இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கலா இருக்கு” என்று வாசலிலிருந்து திரும்ப அழைத்து உட்காரவைத்திருக்கிறார். அந்த ஆள் ரயிலை விட்டார். ஆனால் அடுத்த மாதமும் இவரிடம்தான் வந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். சுவரில் படம் கோணல், மடித்த துண்டின் ஓரம் சேரவில்லை, தேநீரில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடிவிட்டது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவி, இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது எல்லாம் பிடித்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு.

வேண்டுதல் இப்படியா பலிக்க வேண்டும்! ஒரு காலை, நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கத்தரி அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள். பேச்சு பத்து நாளில் திரும்பியது, கால் மூன்று மாதத்தில். வலது கைதான் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. விரல்கள் வைத்தது வைத்தபடி கிடந்தன. எட்டு மாதம் ஓடிவிட்டது.

கையைவிட மனைவியைப் பயமுறுத்தியது வேறொன்று. அவர் குறை சொல்வதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் சர்க்கரையே போடாமல் தேநீரைக் கொடுத்துப் பார்த்தாள். “பரவாயில்ல” என்று குடித்து முடித்தார். படத்தை வேண்டுமென்றே சாய்த்து மாட்டினாள். “பரவாயில்ல, இருக்கட்டும்.” அவள் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். மண்டையைத் திறக்க மாட்டார்கள், ஊசியும் கிடையாது. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையைத் தட்டிப் பார்ப்பார்கள். கையை ஆட்டும் இடத்தில் தட்டு விழுந்தால், செய்தி கைவரை இறங்கிக் கட்டைவிரல் தசை துடிக்கும். துடித்தால் வழி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வைத்தியம் இல்லை, சோதனை மட்டும்தான் என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

கிளம்பும்போது அவர் பழைய கத்தரியைத் துணியில் சுற்றி மனைவியின் பைக்குள் வைத்தார்.

“இது எதுக்குங்க?”

“இன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, திரும்பி வர்ற வழியில உன் தம்பிகிட்ட குடுத்துடு. முதல் நாற்காலியையும் அவனே பாத்துக்கட்டும்.”

மனைவியின் தம்பி இரண்டாம் நாற்காலிக்காரன். முதல் நாற்காலியில் எட்டு மாதமாக யாரையும் உட்காரவைக்காமல் தினமும் தூசி தட்டி வைத்திருந்தான். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சோதனை அறையில், சலூனில் இருப்பதுபோலவே சாய்வதற்கு வசதியான நாற்காலி. முப்பது வயதுத் தொழில்நுட்பக்காரர் ஒருவர் அவருடைய இரண்டு கட்டைவிரல்களின் அடியிலும் ஒயர் ஒட்டினார். எட்டு வடிவத்தில் இருந்த சுருளைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தலைக்குப் பின்னால் நின்றவருக்குத் தன் தலைக்குப் பின்னால் ஒருவர் நிற்பது என்னவோபோல் இருந்தது.

“கையைத் தளர விட்டுடுங்க சார். எதையும் நினைக்காதீங்க. நீங்களா அசைச்சா கணக்குக் கெட்டுப்போயிடும்.”

முதலில் நல்ல கை. ‘டக்’ என்று ஒரு சத்தம். அவரைக் கேட்காமலே இடது கட்டைவிரல் துள்ளியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அடுத்து, வலது கைக்காகச் சுருளைத் தலையின் இடப்பக்கம் மாற்றி வைத்தார். டக். திரையில் கோடு படுத்துக் கிடந்தது. இடம் மாற்றி டக். பலம் கூட்டி டக். முப்பது முறை தட்டியும் கோடு அசையவில்லை. மனைவி சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. சரி, முடிந்தது என்று நிமிர்ந்தார். எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் அவர் தலையும், பின்னால் சுருளைப் பிடித்து நிற்கும் ஆளின் தலையும் தெரிந்தன. கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தால் அவர் கண் சும்மா இருக்குமா? அந்த ஆளின் ஒரு காதுக்கு மேல் முடி படிக்கட்டு கட்டியிருந்தது. எந்தப் பாவி வெட்டினானோ! எட்டு மாதத்தில் முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. சீப்பை இங்கே கொடுத்து, கத்தரியை இப்படிச் சாய்த்து... மனதுக்குள் வெட்ட ஆரம்பித்தார். கத்தரியில் ஒரு பக்கம் அசையாது, மோதிர விரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலையெல்லாம் கட்டைவிரலுக்குத்தான்.

டக்.

“இருங்க இருங்க. என்ன பண்ணீங்க?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒண்ணும் பண்ணல தம்பி. மன்னிச்சுக்கங்க. எதையும் நினைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, நான்...”

“என்ன நினைச்சீங்க, சொல்லுங்க!”

“உங்க காதுக்கு மேல கொஞ்சம்... வெட்டிட்டு இருந்தேன்.”

தொழில்நுட்பக்காரர் தன் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். படுத்துக் கிடந்த கோட்டில் ஒரு சின்ன மேடு.

“மறுபடி வெட்டுங்க சார்.” டக். மேடு. “இப்ப சும்மா இருங்க.” டக். ஒன்றுமில்லை. “வெட்டுங்க.” மேடு. இந்த முறை ஒயருக்குப் பக்கத்தில் தோல் லேசாக நெளிந்ததை மனைவியும் பார்த்தாள்.

ஓடிவந்த டாக்டர் அம்மா பத்து முறை சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “கை சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரம் சரியாகும்னும் தெரியாது. ஆனா வழி அடைஞ்சு போகல. சும்மா இருக்கிறப்ப நாங்க தட்டுற தட்டு அந்த வழியில போய்ச் சேரல. நீங்க மனசுல வெட்டினா, வழி கொஞ்சம் தயாராயிடுது. வீட்டுல உக்காந்து தினமும் வெட்டுங்க. பயிற்சியையும் விடாதீங்க.”

திரும்பும் வழியில் கடை வந்தது. மனைவி பையைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான்கு மாதம் அவர் வெட்டாத தலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் மனதுக்குள்ளேயே முடி வெட்டினார். பக்கத்து வீட்டுக்காரரின் வழுக்கையையும் விடவில்லை. காலையும் மாலையும் பயிற்சி. சில நாள் கட்டைவிரல் கேட்கும், பல நாள் கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழில்நுட்பக்காரர் கடைக்கே வந்து நின்றார். மனைவியின் தம்பி முதல் நாற்காலியை மறுபடி ஒருமுறை துடைத்தான். முக்கால்வாசியை வெட்டியவன் அவன்தான். காதுக்கு மேலே இருந்த அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்து நகர்ந்துகொண்டான். மில்லிமீட்டர் இடது கையில் சீப்பைப் பிடித்தார். வலது கையில் கத்தரியை மாட்டிக்கொள்ளவே ஒரு நிமிடம் ஆனது. கட்டைவிரல் நடுங்கியது, நின்றது, இறங்கியது. சரக். இன்னொன்று. நான்காவது வெட்டில் அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

“போதும் சார், நல்லா இருக்கு” என்று எழப்போனார் தொழில்நுட்பக்காரர்.

மில்லிமீட்டர் அவர் முகத்தைக் கண்ணாடியில் இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“எங்க நல்லா இருக்கு? ஒரு மில்லிமீட்டர் தூக்கலா நிக்குது.”

“பரவாயில்ல சார்.”

“பரவாயில்லையா? என் கடையில அந்தப் பேச்சே கூடாது. உக்காருங்க தம்பி.”

வாசலில் நின்றிருந்த மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்த முறை அழுவதற்குக் குழாயைத் தேடிப் போகவில்லை.