லாரித் தண்ணீரில் நாற்று நடுகிறவர்

"நம்ம வீட்டுல யாரும் படிச்சதில்ல, நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார்.

இன்று கல்லூரியில் சேரப் போகிறேன். ஓட்டுநர் டீ குடிக்க, விராலிமலை தாண்டிப் பேருந்து நிற்கிறது. இறங்கிப் பார்க்கிறேன். சாலையோரம் காய்ந்த வயலின் ஒரு மூலையை மட்டும் லாரித் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கியிருக்கிறார்கள். ஒன்றியத் தலைவர் நாற்று நட, கூட்டமே படமெடுக்கிறது. வேட்டியில் பொட்டுச் சேறில்லை.

"இவரு விவசாயியா?" என்று வரப்பில் நிற்கும் அக்காவிடம் கேட்கிறேன்.

"முன்னாடி எங்ககூட நாத்து நட்டவருதான் தங்கச்சி. பதவி வந்ததும் வாய்க்கால அடைச்சு ப்ளாட்டு போட்டுட்டாரு. இது எங்க வயலு, தண்ணியே வரல."

"கேக்கலையா?"

"கேட்டா, 'நானும் விவசாயிதான்'ங்கிறாரு. நட்ட லெச்சணத்தப் பாரு, அம்புட்டும் சாஞ்சு கெடக்கு!"

பேருந்து ஹாரன் அடிக்கிறது. நான் அதற்குள் சேற்றில் இறங்கி, கேமராவுக்கு முன்னால் நின்று, "வாய்க்கால எப்பத் தொறப்பீங்க?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.