நாங்கள் எரு வண்டி வாங்கிய கதை

எனக்குச் சிவப்பு வண்டிதான் வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவைத்திருந்தேன். வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சாமியிடம் சொல்லவேண்டியதாயிற்று. நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் சிவப்பு பிக்கப் ஒன்று வந்து நிற்க, அதிலிருந்து நான் குதிக்க, வகுப்பே பார்த்து வயிறெரியவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மந்தைவெளியில் எங்களுக்கு விறகுத்தொட்டி. விறகுக் கடையைச் சென்னையில் அப்படித்தான் சொல்வோம். இந்தக் காலத்தில் விறகை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் நல்ல பிரியாணி சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். பிரியாணி மாஸ்டர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் எங்கள் வாசலில்தான் நிற்பார்கள். யாருக்கு என்றைக்கு எத்தனை கட்டு, யாருக்குச் சவுக்கு, யாருக்குப் புளியங்கட்டை, எல்லாம் அப்பாவின் தலைக்குள் இருக்கும். எதையும் மறக்கமாட்டார். நான் கேட்ட ஐஸ்கிரீமை மட்டும் மறந்துபோவார்.

விறகு வந்தது கோவளம் தாண்டியிருந்த சவுக்குத் தோப்புகளிலிருந்து. தோப்பு முழுக்க மணல். சாதாரண வண்டி உள்ளே போனால் அங்கேயே குந்திக்கொள்ளும். ஆகவே கட்டைகளைத் தலைச்சுமையாக ரோடு வரை கொண்டுவந்துதான் ஏற்றவேண்டும். அப்படி ஏற்றும்போது ஒருநாள் கட்டு அவிழ்ந்து, கட்டைகள் உருண்டு, அப்பாவின் இடது பாதம் நசுங்கிப்போனது. கைத்தடி இருந்தால் நடக்கலாம், ஆனால் கிளட்சை மிதிக்க அந்தக் கால் இனி உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதுவரை அப்பாவே ஓட்டிவந்த லாரிக்கு அதற்குப் பிறகு டிரைவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவருக்குச் சம்பளம் போதவில்லை, ஒருவருக்கு மணல் பிடிக்கவில்லை. லோடு வராத நாட்களில் மாஸ்டர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் ரெண்டு மாசம் இப்டியே போச்சுன்னா தொட்டிய இழுத்து மூடவேண்டியதுதான் மாமா," என்றார் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. கம்பெனி வேலையில் அவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டியா பழசுல ஒண்ணு பாப்போம்," என்றார் அப்பா.

"யாரு ஓட்டுறது?"

"அத்த அப்பால பாத்துக்கலாம்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். அவளிடமும் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பா கற்றுக்கொடுத்து வாங்கவைத்தது. ஆனால் ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டாள். தெருவே கூடிவிட்டதாம். அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டவள்தான். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "ஐயோ, நமக்கு அந்தப் பொழப்பே வேணாம்பா," என்று கையெடுத்துக் கும்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக வண்டி பார்க்கப் போனோம். மாமா பானட்டைத் திறந்து தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், காது வைத்துக் கேட்பார். மெக்கானிக் வேலை அவருக்குத் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

நங்கநல்லூரில் என் சிவப்பு வண்டி நின்றது. சாமிக்குக் காது கேட்டுவிட்டது என்று குதித்தேன். அப்பா கைத்தடியை ஊன்றியபடி அம்மாவைப் பார்த்தார். "எனக்குதான் கால் வராதே. நீ ஏறி கிளட்ச்ச மிதிச்சுப் பாருமே."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். "கல்லாட்டம் கீதுங்க."

"அப்ப வேணாம்."

நான் வீடு வந்து சேரும்வரை அழுதேன். யாரோ ஒரு டிரைவர் ஓட்டப்போகிற வண்டி, அம்மாவின் காலுக்குக் கிளட்ச் எப்படி இருந்தால் என்ன?

அபிராமபுரத்தில் பார்த்தது கறுப்பு வண்டி. கீறல் கிடையாது, முகம் பார்த்துத் தலை சீவலாம். மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா மறுபடியும் அம்மாவை ஏற்றி உட்காரவைத்தார்.

"முன்னால தரை தெரியுதா?"

"பானட்டுதான் தெரியுது."

"வேணாம்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமா நீ? வண்டி பாக்குறியா, அக்காவுக்கு ரவிக்கைக்கு அளவு எடுக்குறியா?"

அப்பா சிரித்துக்கொண்டே வெளியே நடந்தார்.

கடைசியில் அடையாறில் ஒரு நர்சரிக்காரரிடம் போய் நின்றோம். ஒரு காலத்தில் அந்த வண்டி பச்சையாக இருந்திருக்கவேண்டும். கதவில் பெரிய மஞ்சள் எழுத்தில், 'பூச்செடி, செம்மண், மக்கிய எரு கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. கிடைக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, அப்படி ஒரு வாசனை. அம்மா ஏறினாள். சீட் ஒரே இழுப்பில் முன்னால் வந்தது. கிளட்சை மிதித்தவள், "மெத்துனு கீதே!" என்றாள். என் சிவப்பு வண்டி போனது போனதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மணல்ல ஓட்டிப் பாக்கணும் சார்," என்றார் அப்பா.

நர்சரிக்காரர் மாமாவின் பைக்கை நிறுத்திவைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அப்பாவை மட்டும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நடுவில் இருந்த திருகைக் காட்டினார். நானும் கூடவே நின்றேன்.

"மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி இத ரெண்டு பக்கமும் திருப்பிடுங்க. உள்ள இருக்குற கியர மட்டும் போட்டா முன்சக்கரம் இழுக்காது. மறந்துடாதீங்க."

அப்பா தலையாட்டினார். மாமா அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பாட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனோம். எருமூட்டைகள் பின்னால் அப்படியே இருந்தன. மாமா உள்ளே இருந்த நாலு சக்கரக் கியரைப் போட்டு, ஏதோ படையெடுத்துப் போகிறவர்போல் மணலில் இறக்கினார். நூறடிகூடப் போகவில்லை, பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. மாமா இன்னும் அழுத்தினார், குழி இன்னும் ஆழமானது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டே உதவிக்கு வந்தார்கள்.

"நீ எறங்கிப் பின்னாடி தள்ளு," என்று மாமாவிடம் சொன்ன அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீ ஏறுமே."

"நானா? ஆள வுடுங்க."

"வேற யாரு கீறா? எனக்குக் கால் கெடையாது. இதுக்கு வயசு பத்தல," என்று என்னைக் காட்டினார்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். "இங்க செவுரே இல்லமே. எங்க வேணா போ. இடிக்கிறதுக்கு ஒண்ணும் கெடையாது."

அம்மா இரண்டு பக்கமும் நீண்டு கிடந்த மணலைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா, இத்த மறந்தேபுட்டனே!" என்று குனிந்து முன்சக்கரத் திருகைத் திருப்பினார். நொண்டி நொண்டிச் சுற்றிவந்து அந்தப் பக்கத்தையும் திருப்பினார்.

அம்மா கிளட்சை விட்டாள். வண்டி ஒருமுறை முனகியது, நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்தன, அவ்வளவுதான், எழுந்து போய்விட்டது. மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த மாமா குப்புற விழுந்தார்.

அம்மா நிறுத்தவில்லை. கரையோரமாகவே தூரத்தில் தெரிந்த படகு வரைக்கும் போனாள். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லையோ என்று எனக்குப் பயம். ஆனால் படகைச் சுற்றி அழகாகத் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நவுரு அக்கா, ரோட்டுல நான் ஓட்டுறேன்," என்றார் மாமா.

"நீ பின்னாடி ஏறு. மேலெல்லாம் மணலு," என்றாள். மாமா எருமூட்டைமேல் உட்கார்ந்து அடையாறு வந்தார்.

அந்த வண்டியைத்தான் வாங்கினோம். அடுத்த வாரமே அம்மா தோப்புக்குள் போய் லோடு ஏற்றி வந்தாள். விலகிப் போன மாஸ்டர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் எரு வண்டியிலிருந்து நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். ஆனால் வண்டியை யார் பார்த்தார்கள்? எல்லோரும் ஓட்டிவந்தவளைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள்.

என் கவலை வேறாக இருந்தது. வண்டி வாங்கிய அன்று ராத்திரி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி திருப்பணும், மறந்துடாதீங்கன்னு அந்தச் செடிக்காரர் அவ்ளோ தெளிவா சொன்னாரு. நானே கேட்டேன். கால்தான் போச்சுன்னா இப்ப ஞாபகமும் போவுது. வல்லாரை சாப்ட்டா சரியாவும்னு டீச்சர் சொன்னாங்க."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மறுநாளிலிருந்து தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தாள்.

எதற்கு என்று அப்பா கேட்கவே இல்லை. அந்தக் கசப்பை ஒரு வாரம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்து, "போதும்மே, எல்லாம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு," என்றார்.

மருந்து வேலை செய்துவிட்டது என்று அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.