நாலு தட்டு

பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் பட்டன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். படப் பிரிவு அவர் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக மவுஸைத் தொட்ட மனிதர் இல்லை. கறுப்புத் திரையில் இடமும் வலமுமாக இரண்டு பட்டியல்கள் நிற்கும்; அம்புக்குறி, டேப், எஃப் ஆறு என்று விசைகளில் விரல் ஓடும்; இடப்பக்கத்து ஃபோல்டர் அப்படியே வலப்பக்கம் போய், படங்கள் நேரே பத்திரிகைப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். நாங்கள் மவுஸைப் பிடித்துத் தேடி முடிப்பதற்குள் அவர் டீயே குடித்து முடித்திருப்பார்.

இரண்டு வருஷமாக அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். அண்ணிக்குத் தெரியும், பக்கத்து மேசையில் செய்தி தட்டச்சு செய்கிற எனக்குத் தெரியும். "எடிட்டர் காதுல விழுந்தா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாரும்மா. மூச்சு விடாத," என்று கேட்டுக்கொண்டார். கீழ் அம்புக்குறியை எத்தனை தட்டு தட்டுவது என்ற எண்ணிக்கையை வைத்தே வேலை செய்தார். அரசியலுக்கு ஒரு தட்டு, அறிவிப்புக்கு இரண்டு, இரங்கலுக்கு மூன்று, கல்யாணத்துக்கு நான்கு. அகர வரிசை மாறாது என்ற தைரியம்.

அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட்ட மகராசி நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை 'அவசரம்' என்று புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்தேன். அது அரசியலுக்கு அடுத்துப் போய் உட்கார்ந்தது. கீழே இருந்ததெல்லாம் ஒரு படி இறங்கிவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டுமென்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அவர் வழக்கம்போல நாலு தட்டு தட்டி அனுப்பினார். மாலையில் சரிபார்க்க வந்த தாளில், 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்ற வரிக்கு மேலே, முந்தின நாள் போய்ச்சேர்ந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எடிட்டர் தாளோடு பாய்ந்து வந்தார். "யாரு பாத்த வேல இது? கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

உண்மை வெளியே வந்தால் அண்ணன் பிழைப்பு போச்சு.

"நான்தான் சார். தெரியாம அனுப்பிட்டேன்," என்றேன்.

"அப்படியா? நாளையிலேருந்து நீ வர வேணாம்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவ இல்ல சார், நான் அனுப்பினது. லிஸ்ட்ல புதுசா ஏதோ வந்திருக்கு போல, எனக்குத் தெரியல. எனக்குக் கண்ணு தெரியாது சார். ரெண்டு வருஷமா எண்ணித்தான் தட்டிக்கிட்டிருக்கேன்."

"கத விடாதய்யா!" எடிட்டர் அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினார். "இது எத்தன, சொல்லு."

"எது சார்?" என்றார் அண்ணன்.